நாலாம் கூடாரத்துச் சிங்கம்

கபெம்ப்வா தன் பெட்டியை மூட முடியாமல் அதன் மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தபோதுதான் காட்டு விடுதியின் வழிகாட்டி லாமெக் கூடாரத்துக்குள் எட்டிப் பார்த்தான்.

"என்னங்க ஐயா இது? இன்னும் ஒரு வாரம் இருக்கே!"

"இருக்கு. அந்த ஒரு வாரத்தையும் ஆத்துக்கு அந்தப் பக்கம் கழிக்கப் போறோம். அங்க இருக்கிற விடுதியில சிங்கம் ஜீப் நிழல்லயே வந்து படுத்துக்குதாம்."

"ஐயா, இங்கயும்..."

"நிறுத்துப்பா. கப்வே ஸ்டேஷன்லருந்து ஆரம்பிச்சு ஆயுசு பூரா ரயில் ஓட்டினவன் நான். தண்டவாளத்துல ஆடு பாத்திருக்கேன், மாடு பாத்திருக்கேன், ஒரு தடவை கல்யாண ஊர்வலமே பாத்திருக்கேன். சிங்கம் மட்டும் பாத்ததில்ல. அதுக்குன்னே என் பையன் எங்களை இங்க அனுப்பி வெச்சான். நீ என்ன காட்டினே? குருவி!"

"அது குருவி இல்லைங்க. செவப்புப் பஞ்சுருட்டான்."

"பஞ்சை உருட்டினா என்ன, பருத்தியை உருட்டினா என்ன? ரெக்கை இருக்குல்ல? அப்போ குருவிதான்."

அவர் மனைவி ஃபைதெஸ் மடித்த துணிகளைக் கையில் வைத்துக்கொண்டு லாமெக்கைப் பரிதாபமாகப் பார்த்தாள். "ஒரு வால் நுனியாவது காட்டியிருக்கலாமேப்பா" என்றாள்.

காலையில்தான் விடுதி மேலாளர் தண்டிவே அவனைக் கூப்பிட்டு, குரலை உயர்த்தாமல், சிரித்த முகத்தோடு சொல்லியிருந்தாள்: "லாமெக், இந்தப் பருவத்துல சிங்கம் பாக்காம கோவிச்சுக்கிட்டு எத்தனை பேர் அக்கரைக்குப் போயிட்டாங்க, தெரியுமா? இந்த ரயில்காரரும் போனார்னா நீயும் கூடவே போயிடு. அவர் பெட்டியைத் தூக்கிக்கிட்டு."

இதில் ஒரு ரகசியம் இருந்தது. லுவாங்வா பள்ளத்தாக்கில் சிங்கங்கள் எந்த நேரத்தில் எந்த மரத்தடியில் படுத்திருக்கும் என்பதை லாமெக்கைவிட நன்றாக அறிந்தவர் ஒருவரும் கிடையாது. தெரிந்தால்தானே அந்தப் பக்கம் போகாமல் இருக்க முடியும்?

யானை குறுக்கே வந்தால் லாமெக் அசையமாட்டான். நீர்யானை வாயைப் பிளந்தால் அதன் பல்லை எண்ணிச் சொல்வான். ஆனால் சிங்கம் என்று யாராவது சொன்னாலே அவன் முழங்கால் இரண்டும் தனித்தனியாக முடிவெடுக்க ஆரம்பித்துவிடும். வழிகாட்டிப் பரீட்சையில் சிங்கத்தைப் பற்றிய கேள்விகளுக்கெல்லாம் முழு மதிப்பெண் வாங்கினான். அது காகிதச் சிங்கம். நிஜச் சிங்கத்தின் தடம் மணலில் தெரிந்தால், "அடடா, அந்தப் பக்கம் பாருங்க, என்ன அழகான மரங்கொத்தி!" என்று ஜீப்பைத் திருப்பிவிடுவான். அவனிடம் வந்த விருந்தாளிகள் பறவைகளில் புலியாகித் திரும்பினார்கள்.

கபெம்ப்வா பெட்டியின் பூட்டை அழுத்தினார். அது ஒருவழியாக மூடிக்கொண்டது. எழுந்து பெட்டியைத் தூக்கினார்.

அப்போதுதான் கூடாரத்துக்குப் பின்னாலிருந்த கருங்காலிப் புதரிலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

"கர்ர்ர்ர்ர்... ஹ்ஹூம்ம்ம்... கர்ர்ர்ர்ர்..."

கபெம்ப்வாவின் கையிலிருந்து பெட்டி விழுந்தது. "என்னது அது?"

லாமெக்குக்கு அது என்னவென்று நன்றாகத் தெரியும். அது சமையற்காரன் யோத்தாம். மத்தியானச் சாப்பாடு பரிமாறி முடித்ததும் இந்த நாலாம் கூடாரத்துக்குப் பின்னால் போய்ப் படுத்துவிடுவான். ஜன்னல் வலை வழியாக அவனுடைய நீல ரப்பர்ச் செருப்பு ஒன்று புதருக்கு வெளியே கவிழ்ந்து கிடப்பதுகூட லாமெக்குக்குத் தெரிந்தது.

"சிங்கமா?" என்று ஃபைதெஸ் கிசுகிசுத்தாள்.

லாமெக் பொய் சொல்லவில்லை. பின்னாளில் தன் மனசாட்சியிடம் இதைப் பலமுறை எடுத்துச் சொன்னான். அவன் வாயையே திறக்கவில்லை. விரலை உதட்டில் வைத்து, "உஷ்ஷ்" என்று மட்டும்தான் சொன்னான்.

கபெம்ப்வா மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தார். அவர் கண்ணில் நீர் துளிர்த்தது. "ஃபைதெஸ், துணியெல்லாம் வெளிய எடுத்து வை" என்றார்.

அன்று சாயங்காலம் லாமெக் யோத்தாமை விறகுக் குவியலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான்.

"யோத்தாம், நீ தினமும் அங்கதான் படுக்கணும்."

"படுக்க வேணாம்னு சொல்லத்தான் கூப்பிட்டீங்களோன்னு பயந்துட்டேண்ணே."

"இல்லடா. நல்லாத் தூங்கு. வாயைத் திறந்து தூங்கு. மல்லாந்து படு, அப்பதான் சத்தம் நல்லா வருது. இந்தா, இந்தக் கம்பளியைப் போத்திக்க. வெளிய தெரியக்கூடாது." விடுதியின் பழுப்புக் கம்பளி ஒன்றை அவன் கையில் திணித்தான். "இன்னொண்ணு. இது முடியற வரைக்கும் நாம ரெண்டு பேரும் பேசிக்கவே கூடாது. நம்மைச் சேர்த்துப் பாத்தா மேடத்துக்குச் சந்தேகம் வந்துடும். நான் சமையல்கட்டுப் பக்கமே வரமாட்டேன்."

யோத்தாம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "அண்ணே, நாளைக்கு வந்து..."

"பேசக்கூடாதுன்னு இப்பதானே சொன்னேன்!"

யோத்தாம் கம்பளியைச் சுருட்டிக்கொண்டு போனான்.

மறுநாள் மத்தியானம் சத்தம் முதல்நாளைவிடப் பிரமாதமாக வந்தது. கூடாரத்தின் மரத்தளம் அதிர்ந்தது. கோப்பையில் ஸ்பூன் கிணுகிணுத்தது. லாமெக் நைசாகப் பின்பக்கம் போய் இலைகளுக்கு நடுவே எட்டிப் பார்த்தான். உள்ளே இருட்டில் பழுப்பாக ஒரு மேடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டிருக்கிறான், சமர்த்து. திருப்தியாகத் திரும்பி வந்தான்.

வரும் வழியில், பேசுவதில்லை என்ற சபதத்தையும் மறந்து, சமையல்கட்டு ஜன்னலைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான். புகைக்குள் வெள்ளைத் தொப்பி ஒன்று மேலும் கீழும் ஆடியது. 'அதற்குள் எழுந்து வந்துவிட்டானா! என்ன சுறுசுறுப்பு' என்று நினைத்துக்கொண்டான்.

சிக்கல் என்னவென்றால் கபெம்ப்வாவால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. இரவுச் சாப்பாட்டில் நிஷிமாக் களியை உருட்டி வேர்க்கடலைக் கீரையில் தோய்த்தபடியே, "உங்களுக்கெல்லாம் எப்படித் தூக்கம் வருது? எங்களுக்கு மத்தியானம் கண்ணை மூட முடியல. பின்னால சிங்கம்!" என்று மேசை மேசையாகச் சொல்லிவிட்டார்.

அடுத்த நாள் மத்தியானம் விடுதியே நாலாம் கூடாரத்தில் இருந்தது. தண்டிவே நாற்காலி போடச் சொன்னாள். குளிர்ந்த எலுமிச்சைச் சாறு வந்தது. தெற்கேயிருந்து வந்த ஒரு புதுமணத் தம்பதி, தங்கள் கூடாரத்தைக் காலி செய்துவிட்டு இதற்கு மாற முடியுமா என்று கேட்டார்கள். "என் பொணத்தைத் தாண்டித்தான்" என்றார் கபெம்ப்வா.

"சிங்கம் ஒரே இடத்துக்கா தினமும் வரும்?" என்று யாரோ கேட்டார்கள்.

லாமெக் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "நிழல் பிடிச்சுப் போச்சுன்னா வரும்ங்க."

"அப்போ ஜீப்புல பின்பக்கமா சுத்திப் போய்ப் பாக்கலாமே?"

"ஐயோ, வேணாம். அது... அது மனசு சரியில்லாத சிங்கம். கூட்டத்தைப் பிரிஞ்சு வந்திருக்கு. தொந்தரவு பண்ணினா போயிடும்."

எல்லாரும் பரிதாபப்பட்டார்கள். ஃபைதெஸ் முந்தானைத் துணியால் மூக்கைச் சிந்தினாள். "பாவம், வீட்ல என்ன பிரச்சனையோ" என்றாள்.

மறுநாள் காலை அவள்தான் கூடாரத்துக்குப் பின்னால் மணலில் பதிந்திருந்த தடத்தைக் கண்டுபிடித்தாள். லாமெக் குனிந்து பார்த்தான். பார்த்ததும் பல்லைக் கடித்தான்.

யோத்தாம்! தூங்கச் சொன்னால் தூங்கிவிட்டுப் போகாமல், கிண்ணத்தைக் கவிழ்த்து அழுத்தி, சுற்றிலும் நாலு விரல் குத்தித் தடம் வேறு செய்து வைத்திருக்கிறான். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அளவு? சாப்பாட்டுத் தட்டு அகலம்! கொஞ்சம் சின்னக் கிண்ணமாக எடுக்கக்கூடாதா? இவ்வளவு பெரிய சிங்கம் எந்த ஊரில் இருக்கிறது?

"பெரிசா இருக்கேப்பா?" என்றார் கபெம்ப்வா.

"மணல் ஈரமா இருந்தா இப்படித்தான் விரிஞ்சுடும்ங்க" என்று சொல்லிக் காலால் பாதியை அழித்தான்.

இது போதாதென்று அன்று பொழுது சாயும் நேரத்தில், எல்லாரும் ஆற்றங்கரையில் கையில் கோப்பையோடு நின்றபோது, நாலாம் கூடாரப் பக்கமிருந்து ஒரு கர்ஜனை எழுந்தது. குறட்டை இல்லை, கர்ஜனை. அக்கரையில் இருந்த குரங்குகள் கத்தின. நீர்யானைகள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டன. புதுமணப் பெண் கணவன் தோளில் ஏறிவிட்டாள்.

எல்லாரும் லாமெக்கைப் பார்த்தார்கள். லாமெக்கின் முகம் கோபத்தில் சிவந்திருந்தது.

"அதிகப் பிரசங்கி" என்று முணுமுணுத்தான்.

"என்ன சொன்னே?" என்றாள் தண்டிவே.

"ஒண்ணுமில்ல மேடம். கொஞ்சம் ஓவராப் போகுதுன்னு சொன்னேன்."

"உனக்குப் பயமே இல்லையா லாமெக்?"

"எதுக்கு மேடம் பயம்? தொண்டையைக் கட்டிக்கப் போகுதேன்னுதான் கவலை."

தண்டிவே அவனைப் புதுக் கண்ணோடு பார்த்தாள். பார்த்ததோடு நிற்கவில்லை. தலைநகர் லுசாகாவில் விலங்குகளின் குரலை ஆராய்ச்சி செய்யும் டாக்டர் நமுகோலோ என்ற அம்மாளுக்குப் போன் செய்து, உடனே புறப்பட்டு வரச் சொல்லிவிட்டாள்.

இதைக் கேட்டதும் லாமெக் யோசித்துப் பார்த்தான். சமையற்காரனின் குறட்டையை ஆராய்ச்சிக்காரி ஒருத்தி பதிவுசெய்து, கருவியில் போட்டுப் பார்த்தால் என்ன ஆகும்? வேலை போகும். அதோடு விடுமா? பள்ளத்தாக்கு முழுக்கக் கைகொட்டிச் சிரிக்கும். அவன் பெண்டாட்டி பிள்ளைகளைக்கூட 'குறட்டைக்காரன் குடும்பம்' என்றுதான் சொல்வார்கள்.

சபதமாவது மண்ணாவது என்று சமையல்கட்டுக்கு ஓடினான். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. "யோத்தாம்! நாளைக்கு அங்க தூங்காதே! கேக்குதா?" என்று கதவிடுக்கில் வாயை வைத்துச் சொன்னான். உள்ளே ஏதோ தாளிக்கும் சத்தம். "உம்" என்று ஒரு முனகல் வந்தது. நிம்மதியாகத் திரும்பினான்.

டாக்டர் நமுகோலோ மறுநாள் மத்தியானமே சிறு விமானத்தில் வந்து இறங்கிவிட்டாள். ஒல்லியான, கண்டிப்பான அம்மாள். நீளக் குழாய் போன்ற ஒலிவாங்கியை நாலாம் கூடாரத்தின் மரத்தளத்தில் பொருத்தினாள். விருந்தாளிகள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

லாமெக் தைரியமாக முன்வந்து, "இன்னைக்கு வராதுன்னு நினைக்கிறேன் டாக்டர். காத்து சரியில்ல" என்றான்.

"கர்ர்ர்ர்ர்ர்ர்... ஹ்ஹூம்ம்ம்ம்" என்றது புதர்.

லாமெக் கண்ணை மூடிக்கொண்டான்.

டாக்டர் காதில் மாட்டியிருந்ததை அழுத்திப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் கேட்டாள். அவள் புருவம் உயர்ந்தது. "ஆண்" என்றாள்.

'அது வரைக்கும் சரி' என்று நினைத்தான் லாமெக்.

"நல்ல வயசு. நல்ல கனம். நிறையச் சாப்பிட்டுட்டுத் தூங்குது."

'எல்லாமே சரியாத்தான் இருக்கு.'

"சந்தேகமே இல்ல. சிங்கம்தான்."

லாமெக்குக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இருமலாக மாற்றிக்கொண்டான். இவ்வளவு படித்து, இவ்வளவு பெரிய குழாயை வைத்துக்கொண்டு, கடைசியில் யோத்தாமைச் சிங்கம் என்கிறாளே! தப்பித்தோம் என்று பெருமூச்சு விட்டான்.

பெருமூச்சு முடிவதற்குள் டாக்டர் எழுந்து நின்றாள். "இவ்வளவு பக்கத்துல இதுவரைக்கும் கிடைச்சதில்ல. ஒலிவாங்கியை இன்னும் கிட்ட கொண்டு போகணும். பூங்காக் காவலரைத் துப்பாக்கியோட கூப்பிடுங்க. ஜீப்பைப் புதருக்குள்ளயே விடலாம்."

துப்பாக்கி! லாமெக்கின் கண்முன் காட்சி ஓடியது. காவலர் ஒருவர் துப்பாக்கியோடு புதரை விலக்குகிறார். உள்ளே யோத்தாம் கம்பளிக்குள்ளிருந்து திடுக்கிட்டு எழுகிறான். காவலரின் விரல் விசையில் இருக்கிறது. ஊரே சிரிப்பாகச் சிரித்தால்கூடப் பரவாயில்லை, ஓர் உயிர் போய்விடக்கூடாது.

"யாரும் வராதீங்க!" என்று கத்தினான். "துப்பாக்கி வேணாம். நான் போறேன். நானே எழுப்பி அனுப்பிடறேன்."

"எழுப்பியா?" என்றாள் டாக்டர்.

"தனியாவா?" என்றாள் தண்டிவே.

"வெறுங்கையோடயா?" என்றார் கபெம்ப்வா.

கூடாரத்தின் ஓரத்தில் சாய்த்து வைத்திருந்த துடைப்பத்தை எடுத்துக்கொண்டு லாமெக் படியிறங்கினான். முதுகுக்குப் பின்னால் ஃபைதெஸ் சத்தமாக ஜெபம் சொல்ல ஆரம்பித்தாள்.

புதரின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்தான். அடர்ந்த இலைகளுக்கு அப்பால் அதே பழுப்பு மேடு. குப்பென்று ஒரு வாடை அடித்தது. குளித்து எத்தனை நாளாயிற்றோ.

"யோத்தாம்" என்று பல்லிடுக்கில் கூப்பிட்டான். "டேய், எந்திரி. காரியம் கெட்டுப் போச்சு."

குறட்டை தொடர்ந்தது.

"தூங்காதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல? உன்னால என் வேலையே போகப் போகுதுடா. எந்திரிடா தடியா!" துடைப்பக் கட்டையை இலைகளுக்குள் விட்டு, பின்பக்கமாகப் பார்த்து ஓங்கி ஒரு குத்துக் குத்தினான்.

குறட்டை நின்றது. உள்ளிருந்து ஓர் உறுமல் வந்தது.

"உறுமறியா? என்கிட்டயே உறுமறியா? போடா அந்தப் பக்கமா! யார் கண்ணுலயும் படாம ஓடு!" இன்னொரு குத்து.

புதர் கிடுகிடுவென்று ஆடியது. எதிர்ப்பக்கத்தில் கிளைகள் முறிய, பழுப்பாக ஏதோ ஒன்று உயரமான புல்லைப் பிளந்துகொண்டு வறண்ட ஓடையை நோக்கிப் பாய்ந்து மறைந்தது. கம்பளியைக்கூட உதறாமல், அதுவும் நாலு காலில் ஓடுகிறான்! அந்த நெருக்கடியிலும் வேஷத்தை விடாத அவன் புத்திசாலித்தனத்தை நினைத்து லாமெக் உள்ளுக்குள் மெச்சினான்.

துடைப்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தபோது கபெம்ப்வா கைதட்ட ஆரம்பித்தார். எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள்.

"பிடரியைப் பாத்தேன்! கறுப்புப் பிடரி!" என்றார் கபெம்ப்வா.

"நான் முதுகைத்தான் பாத்தேன்" என்றாள் ஃபைதெஸ்.

"எனக்கு வால் தெரிஞ்சுது" என்றான் புதுமாப்பிள்ளை. அவன் மனைவி கண்ணையே திறக்கவில்லை.

ஆளுக்கொன்றைப் பார்த்திருந்தார்கள். சிங்கத்தைப் பார்க்க வந்தவர்களுக்குக் கம்பளியும் சிங்கமாகத்தான் தெரியும் என்று லாமெக் நினைத்துக்கொண்டான்.

டாக்டர் நமுகோலோ காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினாள். "நானும் எத்தனையோ வருஷமா காட்டுல சுத்தறேன். தூங்கற சிங்கத்தைத் துடைப்பத்தால குத்தி, திட்டி, வெரட்டின ஆளை இப்பதான் பாக்கறேன்."

"அதுக்கெல்லாம் உரிமையோட பேசினா போதும் டாக்டர்" என்றான் லாமெக் அடக்கமாக.

தண்டிவே அங்கேயே, எல்லார் முன்னிலையிலும், அறிவித்துவிட்டாள். அடுத்த வாரம் முதல் நடந்தே போய்ச் சிங்கம் பார்க்கும் சுற்றுலா ஆரம்பம். முன்னால் நடப்பவன் லாமெக். கபெம்ப்வா தன் ரயில்வே விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி அவன் கழுத்தில் மாட்டினார். "என் ஆயுசுல ரெண்டே பேரைத்தான் வீரன்னு சொல்லுவேன். ஒண்ணு எங்கப்பா" என்று சொல்லிவிட்டு, அதற்கு மேல் பேச முடியாமல் மூக்கை உறிஞ்சினார்.

லாமெக்குக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை நாள் சிங்கத்துக்குப் பயந்தது எவ்வளவு அசட்டுத்தனம் என்றுகூடத் தோன்றியது. பார்க்கப்போனால் எல்லாம் மனசில்தான் இருக்கிறது.

பொழுது சாய்வதற்குள் சிப்பாட்டாவிலிருந்து காய்கறி லாரி வந்து நின்றது. பின்பக்கத்திலிருந்து, கையில் ஒரு துணி மூட்டையோடு, புதுச்சட்டை போட்ட ஒருவன் குதித்தான். யோத்தாம்.

லாமெக் ஓடிப் போய் அவனைக் கட்டிக்கொண்டான். "கெட்டிக்காரண்டா நீ! ஓடையில இறங்கி, ரோட்டுக்குப் போய், லாரியைப் பிடிச்சு ஊருக்குப் போயிட்டு வர்ற மாதிரியே வந்துட்டியே! அடி ரொம்பப் பட்டுடுச்சா? கொஞ்சம் ஓங்கித்தான் குத்திட்டேன்."

யோத்தாம் மிரண்டு போய்ப் பின்வாங்கினான். அவன் கண் தரையைப் பார்த்தது.

"அண்ணே, கிண்டல் பண்ணாதீங்கண்ணே. தப்புதான். அக்கா பொண்ணு கல்யாணம், மேடம் லீவு தரமாட்டேன்னுட்டாங்க. உங்ககிட்ட சொல்ல வந்தேன், பேசாதேன்னுட்டீங்க. அதான் மறுநாள் விடியறதுக்குள்ளயே கிளம்பிட்டேன். என் தொப்பியை மாட்டிக்கிட்டு எம் பொண்டாட்டி எஸ்னாத்திதான் இத்தனை நாளா உள்ளருந்து சமைக்கிறா. உங்க கம்பளியைக்கூடப் பிரிக்கல, அப்படியே வெச்சிருக்கேன்." அவன் குரலைத் தாழ்த்தி, லாமெக்கின் கையைப் பிடித்துக்கொண்டான். "ஆனா தினமும் சத்தம் தவறாம வந்துச்சுன்னு டிரைவர் சொன்னாரு. எனக்குப் பதிலா யாரைண்ணே குறட்டை விட வெச்சீங்க?"